சமவெளியிலும் கண்மாயிலும் மலையிலும் சூரிய உதயத்தைப் படமெடுத்தல்

சூரிய உதயத்தைப் படமெடுக்கப் புறப்படுகிறவர்களில் பலர் சூரியனை மட்டுமே படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படங்களிலும் ஒரே ஆரஞ்சு வட்டம் இருக்கும். எடுத்த இடம் தஞ்சாவூரா கொடைக்கானலா என்று சொல்ல முடியாது. ஒரே சூரியனின் ஒளியை வயல்வெளி ஒருவிதமாகவும், நிறைந்த கண்மாய் வேறுவிதமாகவும், மலைச்சரிவு இன்னொரு விதமாகவும் வாங்கிக்கொள்கின்றன என்பதால், எங்கே நிற்பது, எந்த நேரத்தில் எடுப்பது, கேமராவை எப்படி அமைப்பது ஆகிய மூன்றும் நிலத்துக்கு நிலம் மாற வேண்டும்.

முதலில் நேரம். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும் கணத்திலிருந்து அதன் விளிம்பு தெரியும் கணம் வரையுள்ள வெளிச்சம் மதுரையில் சுமார் 22 நிமிடம்தான் நீடிக்கிறது. லண்டனில் சூன் மாதத்தில் அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளை நம்பி, பொன்னிற ஒளிக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று சாவகாசமாகப் போனால் இங்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆகையால் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, கருக்கலிலேயே, இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தையும் முந்தைய நாள் மாலையே போய்ப் பார்த்து, கால் வைக்கும் இடம் வரை முடிவு செய்திருக்க வேண்டும். இருட்டில் இடம் தேடுவதில் நல்ல வெளிச்சம் முழுவதும் கழிந்துவிடும்.

அடுத்தது திசை. மார்கழியில் தென்கிழக்கில் எழும் சூரியன் ஆனியில் வடகிழக்கில் எழுகிறது. நம் ஊர்களில் நேர்கிழக்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 24 பாகை வரை இந்த விலக்கம் இருக்கும். நேர்கிழக்கில் எழுவது மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான். கிழக்கு நோக்கிய கோயிலின் கோபுரத்துக்கு நேர் பின்னே மேற்கிலிருந்து சூரியனைக் காட்ட நினைப்பவர் இந்த இரு பருவங்களுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் சூரியன் எழும் புள்ளியைக் கைப்பேசிச் செயலியோ திசைகாட்டியோ கொண்டு முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்.

கேமராவைப் பொறுத்தவரை எல்லா இடத்துக்கும் பொதுவானவை சிலவே. டிரைபாட் கட்டாயம் வேண்டும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8 முதல் எஃப் 11 வரை, கோப்பு வடிவம் ரா (கேமரா பதிந்ததை மாற்றாமல் சேமிக்கும் வடிவம்) என்று வைத்துக்கொண்டால், கருக்கலில் ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்க வேண்டியிருக்கும். வெளிச்சம் ஏற ஏற அது நிமிடத்துக்கு நிமிடம் குறையும். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் விடியலின் செம்மையைக் கேமரா குறையாக எண்ணி அகற்றிவிடும் என்பதால் அதை டேலைட் என்று நிலைநிறுத்துங்கள். ஒளியளவைச் சூரியனை வைத்து அளக்காமல், சூரியனைச் சட்டத்துக்கு வெளியே ஒதுக்கி, அதை அடுத்துள்ள வானத்தை அளந்து பூட்டிக்கொண்டு, பிறகு காட்சியை அமைக்க வேண்டும். கைப்பேசியிலும் இதே முறைதான்: வானத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். தொலைவை நெருக்கிக் காட்டும் டெலிலென்ஸ் மாட்டிய கேமராவின் கண்ணாடி வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள். கண்ணுக்கு நேரும் கேட்டைத் திருப்ப முடியாது.

மருதத்துக்கு உரிய சிறுபொழுதாக வைகறையை நம் முன்னோர் வகுத்தார்கள். காவிரிப் படுகையின் வயல்வெளியில் ஒரு விடியலைப் பார்த்தவருக்கு அந்த வகுப்பின் பொருத்தம் புரியும். ஆனால் சமவெளிதான் படமெடுக்க மிகக் கடினமான நிலம் என்பது என் கருத்து. கண்ணுக்குப் பரந்து தெரியும் வெளி, படத்தில் ஒரு கோடாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கோட்டின்மேல் நிமிர்ந்து நிற்க ஒற்றைப் பனைமரமோ களத்துமேட்டு வைக்கோற்போரோ வரப்பில் நடக்கும் ஆளோ வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு பெரிதும் உதவும். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகை. ஒரு பொருளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 108 மடங்கு தொலைவில் நின்றால் அந்தப் பொருளும் சூரியனும் ஒரே உயரமாகத் தெரியும். 15 மீட்டர் உயரமுள்ள பனைமரத்துக்கு அந்தத் தொலைவு சுமார் 1,600 மீட்டர். வரப்பில் நிற்கும் மனிதருக்குச் சுமார் 180 மீட்டர். பனையின் தலைக்குப் பின்னே பெரிய சூரியன் வேண்டுமென்றால், மரத்தை நெருங்காமல் பின்னோக்கி நடந்து போய், 300 மில்லிமீட்டர் அளவிலான லென்ஸால் இழுத்து எடுக்க வேண்டும். சூரியன் தன் அகல அளவு நகர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே ஆகும். அதற்குள் நீங்கள் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்து வரிசையைச் சரிசெய்துகொள்ள இடமுண்டு.

அகலமான காட்சி வேண்டுமென்றால் பருவம் பார்த்துப் போங்கள். சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் புரட்டாசி, ஐப்பசியில் வானத்தின் நிறம் காலடி வரை இறங்கி வரும்; அறுவடைக்கு முந்தைய நாட்களில் கதிர்களின் மேலுள்ள பனித்துளிகள் எதிரொளியில் மின்னும். மழை ஓய்ந்த மறுநாள் காற்று கழுவப்பட்டிருப்பதால் நிறங்கள் தெளிவாக இருக்கும். கிழக்கு விளிம்பு திறந்திருந்து உயரத்தில் மட்டும் மேகம் சிதறிக் கிடக்கும் நாள் கிடைத்தால், சூரியன் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அந்த மேகங்களின் அடிவயிறு சிவக்கும். பல நாட்களில் அதுவே உச்சம். அந்நேரம் ஒருமுறை மேற்கேயும் திரும்பிப் பாருங்கள். பூமியின் நிழல் சாம்பல்நீலப் பட்டையாகவும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டையாகவும் வானம் இருக்கும். மறைப்பில்லாத சமவெளியில்தான் அது முழுமையாகத் தெரியும்.

சமவெளியில் இன்னொரு எச்சரிக்கை. குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து நேராக ஈரக்காற்றுக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸ் உடனே வியர்த்து மங்கிவிடும். ஒருமுறை எனக்கு இப்படித்தான் நேர்ந்தது; துடைக்கத் துடைக்க மறுபடி மறுபடி படர்ந்து, நிறம் பூத்த அந்த இருபது நிமிடமும் வீணாயின. இப்போதெல்லாம் முந்தைய இரவே கேமராப் பையைக் குளிர்படாத இடத்தில் வைத்துவிடுகிறேன்.

கண்மாய்க்கும் ஏரிக்கும் போகிறவர்கள் வழக்கமாகக் கரைமேல் ஏறி நிற்கிறார்கள். நம் கிழக்குச் சமவெளியில் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கண்மாய்களின் கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ அமைந்திருக்கும். கரைமேல் நின்றால் தண்ணீர் மேற்கே இருக்கும், சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும். தண்ணீருக்கு மேலே உதயம் வேண்டுமென்றால் எதிர்ப்புறம், நீர் வந்து சேரும் மேற்குப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது கரையிலுள்ள பனைகளும் கருவேல மரங்களும் கரிய வரிவடிவமாக நின்று தலைகீழாகத் தண்ணீரிலும் விழும். அந்தப் பக்கம் ஆழமற்ற சேறாக இருக்கும் என்பதால் இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். பாசி படிந்த கலுங்குக் (உபரி நீர் வழியும் இடம்) கற்களின் மேல் டிரைபாடை ஊன்றாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே இதற்கு ஏற்றவை. இரவில் குளிர்ந்த காற்று, அதைவிட வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின் மேல் படியும்போது ஆவிபோல் பனிமூட்டம் எழும். தரை சூடேறினால் காற்று கிளம்பி நீரில் அலை பரப்பிவிடும். கண்ணாடி போன்ற நீர் உதயத்துக்கு முன்னும், பின் சிறிது நேரமும்தான். நீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும், ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) வரைகூட. அந்த வேறுபாட்டை முழுவதும் சமப்படுத்த முயலாதீர்கள். பிம்பம் நிஜத்தைவிட வெளிச்சமாகிவிட்டால் பார்ப்பவரின் கண் அதை நம்பாது. வேறுபாட்டைக் குறைக்க நல்ல வழி கேமராவை நீர்மட்டத்துக்கு அருகே தாழ்த்துவதுதான். சாய்ந்த பார்வையில் நீர் அதிக ஒளியைத் திருப்பும், அருகிலுள்ள அல்லி இலையும் முன்னணியில் வந்து சேரும். போலரைசர் ஃபில்டர் பிம்பத்தை அழிக்க வல்லது என்பதால் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். நீர்ப்பறவைகள் கூடு கட்டும் கண்மாயாக இருந்தால் மரங்களை நெருங்க வேண்டாம். பறவைகள் பதறி எழுந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் காவலின்றிப் போகும்.

மலையில் பட்டியலிலுள்ள உதய நேரத்தை அப்படியே நம்ப முடியாது. கிழக்கே வேறு மலை மறைக்காமல் சமவெளி மட்டும் பரந்திருக்கும் 2,000 மீட்டர் உயரத்தில் தொடுவானம் ஒரு பாகைக்கு மேல் தாழ்ந்து விடுவதால், சூரியன் சுமார் ஐந்து நிமிடம் முன்னதாகவே தெரிந்துவிடும். எதிரே முகடு இருக்கும் பள்ளத்தாக்கிலோ அரை மணி நேரம்கூடத் தாமதமாகலாம். மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போய்ச் சேரும் கொழுக்குமலை முதல் வகையைச் சேர்ந்தது: கீழே தேனிச் சமவெளி, பல குளிர்காலைகளில் அதன்மேல் மேகக்கடல்.

அங்கே அகல லென்ஸைவிட 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸே எனக்குப் பிடிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மலைமடிப்புகளை அது நெருக்கி அடுக்கித் தரும். பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் நேரான தொடுவானத்துக்கு உரியது. மலைமுகட்டின் வளைவில் வைத்தால் சிகரங்களையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். அதற்குப் பதிலாக ஒரே அமைப்பில் சரியான அளவிலும், இரண்டு ஸ்டாப் குறைத்தும் கூட்டியும் மூன்று படங்கள் எடுத்துப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். முகட்டின் விளிம்பில் சூரியன் துளியாக எட்டிப் பார்க்கும் கணத்தில் எஃப் 16 வைத்தால் கதிர்கள் நட்சத்திரமாக விரியும்.

சூரியன் எழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மேகக்கடலின் அலைகள் பக்கவாட்டு ஒளியில் உருப்பெறுவது அடுத்த கால் மணி நேரத்தில்தான். முதுகில் வெயிலும் எதிரே கீழே மூடுபனியும் வாய்த்தால், கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் சிலர் பார்த்திருப்பதைப்போல், உங்கள் நிழல் வண்ண வளையம் சூடி மூடுபனியில் விழக்கூடும். திறந்த வானத்தின் கீழ் வெகுநேரம் நிற்கும் லென்ஸில் பனி இறங்கும் என்பதால் ஹுட் (லென்ஸின் முன் பொருத்தும் மறைப்பு வளையம்) மாட்டி, படமெடுக்காத நேரத்தில் துணியால் மூடி வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் களைக்கும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பைக்குள் வைத்து மூடிய பிறகே கதகதப்பான அறைக்குள் நுழையுங்கள். அது அறையின் வெப்பத்துக்கு வரும் வரை, அரை மணி நேரமாவது, பையைத் திறக்க வேண்டாம்.