பட்டி தேய்க்கும் முன்

பெயின்ட் வேலைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான், பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டியைத் தேய்த்தேன். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் வெள்ளையாக வரும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத பொடி. அதைத் துண்டு தடுக்காது. என்95 மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். அதனால் வேலை நாளில் மழித்துவிடுவேன், வீட்டில் கிண்டல் செய்தாலும் சரி.

ஜிப்சம் பட்டியின் தூசி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். வெள்ளை சிமென்ட் பட்டியோ காரத்தன்மை உள்ளது. வியர்வையோடு சேர்ந்தால் கழுத்து மடிப்பு புண்ணாகிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், ஒயருக்காக மணல் சிமென்ட் பூச்சில் காடி வெட்டும்போது பறக்கும் தூசி. மணலிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தழும்பு போடும், அது ஆறாது. தூசி உறிஞ்சும் வேக்குவம் மாட்டிய கட்டர் இல்லாமல் அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

பட்டி கலக்கும்போது பக்கெட்டில் முதலில் தண்ணீர். அப்புறம் மூட்டை வாயைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாகச் சரியுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் முகத்தில்தான் அடிக்கும். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, நீளக் கம்பில் மாட்டித் தேயுங்கள். தலைக்கு மேல் தேய்த்தால் கண்ணாடி கட்டாயம். கண்ணில் விழுந்தால் கசக்காமல் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.