எடை மிஷினுக்குப் பயந்து ஒளியாதீர்கள்

தலைப்பிள்ளை வயிற்றில் வந்தபோது என் எடை 86 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 34. சிங்கப்பூரில் ஆசியர்களான நமக்கு 27.5 ஆனாலே அதிக ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். மிஷினில் ஏறச் சொல்வார்களே என்ற கூச்சத்தில் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, 15ஆவது வாரம்தான் டாக்டரிடம் போனேன்.

நாள் தள்ளிப்போனதுமே போயிருக்க வேண்டும். எடை கூடிய தாய்க்கு ரத்தக்கொதிப்பும், அது முற்றிச் சிறுநீரகம், ஈரல் வரை பாதிக்கும் ப்ரீஎக்லாம்சியாவும் வர வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க, தேவைப்படுகிறவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். எனக்குப் பாக்கி இருந்தது ஒரே வாரம். டாக்டர் நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், கேட்டுப் போடுங்கள். ஃபோலிக் அமிலமும் அப்படித்தான். கூடுதல் அளவு வேண்டுமா என்று, முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே கேளுங்கள்.

பிரஷர் பார்க்கும்போது கைப்பட்டையைக் கவனியுங்கள். ஒரு கிளினிக்கில் தாதி சுற்றிய பட்டை காற்று ஏற ஏற ‘பர்ர்’ என்று பிய்த்துக்கொண்டது. இறுக்கிச் சுற்றி மறுபடி பார்த்தால் 148. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அடுத்த அறையிலிருந்து பெரிய பட்டை வந்ததும் 126! பட்டை சின்னதாக இருந்தால் அளவு ஏற்றித்தான் காட்டும். ‘பெரிய பட்டை இருக்கா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதில் என்ன வெட்கம்?

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. எடை கூடியவர்களுக்கு அதற்கு முன்பே ஒருமுறை பார்ப்பதும் உண்டு. வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, இரண்டு மணியில் ஒருமுறை. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். வீட்டுக்குப் போகும்போது சாப்பிட இரண்டு இட்லி கட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை வந்தது. ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று அத்தை தட்டு நிறையச் சோறு போடுவார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. விரலைக் குத்திப் பார்க்கும் மீட்டரைக் காட்டினேன். கோப்பிக்கடையில் இரண்டு பரோட்டாவும் தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) சாப்பிட்ட அன்று சர்க்கரை 9.1 mmol/L. சாம்பாரோடு இரண்டு தோசை, அவித்த முட்டை, கோப்பி ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி), பிறகு புளோக்கைச் சுற்றி 15 நிமிட நடை என்றால் 6.4. அதன்பிறகு தட்டில் பாதிக்குக் கீரையும் காயும் வைத்தவர் அத்தைதான்.

பட்டினி கிடந்து இளைக்கிற நேரமில்லை இது. பிஎம்ஐ 30க்கு மேல் இருந்தால் பிரசவம் வரை 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். எனக்கு 8 கூடியது.

குறட்டை பலமாக இருந்தால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், அதையும் சொல்லுங்கள் (என் கணவர்தான் போட்டுக்கொடுத்தார்). பிரசவத்தில் வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசியும் எடை கூடியவர்களுக்குச் சற்றுச் சிரமம் என்பதால் மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

தலைவலி விடாமல் அடித்தால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், முகம் திடீரென்று வீங்கினால், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வலித்து வீங்கினால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 995க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சிசேரியன் ஆனால் தையல் மடிப்பை ஈரமில்லாமல் வைத்திருங்கள். புண் சீழ் வைப்பது எடை கூடியவர்களுக்கு அதிகம். ரத்தம் கட்டும் ஆபத்தும் இருப்பதால், பத்தியம் என்று படுத்தே கிடக்காமல் அன்றாடம் கொஞ்சம் நடக்க வேண்டும்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு, பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் பரிசோதனை மறுபடியும் உண்டு. அத்தையிடம் பிள்ளையை விட்டுப் போனேன். கடைசி முறை ரத்தம் எடுப்பதற்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பையில் பால் பம்பையும் போட்டுக்கொள்ளுங்கள்.