ஜியோகேஷிங்குக்கு முதல் ஜி.பி.எஸ். கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

ஜியோகேஷிங் என்பது, யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (அதைத்தான் கேஷ் என்பார்கள்) ஜி.பி.எஸ். காட்டும் இடத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக இன்றைக்கே எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் செல்போனில் ஜியோகேஷிங் செயலியையோ, ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ என்ற இலவசச் செயலியையோ போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கும் நாலைந்து கேஷ்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கேஷுக்கும் தேடும் சிரமம், போகும் பாதையின் சிரமம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் போட்டிருப்பார்கள், இரண்டும் 1.5-ஐத் தாண்டாததாக எடுங்கள். அதிலேயே அலுத்துப்போனால் பணம் மிச்சம். அலுக்கவில்லை, மழையில் போன் நனைகிறது, மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, பாறையில் விழுந்தால் போச்சே என்று பயமாக இருக்கிறது என்றால், அப்போது தனிக் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும்போது எல்லோரும் வரைபடத்தையும் திரையின் அளவையும்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது திசைகாட்டியை. என் முதல் கருவி கைமாறி வந்த பழசு. நடக்கும்போது அம்புக்குறி ஒழுங்காகத்தான் காட்டும், இடத்தை நெருங்கிவிட்டோமே, நின்று நிதானமாகப் பார்ப்போம் என்று நின்றால் போதும், அது தன் பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒருநாள் அரைமணி நேரம் ஒரு புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். கருவி பழுதில்லை. அதற்குள் மின்னணுத் திசைகாட்டி கிடையாது, நாம் நகர்வதை வைத்துத்தான் அது திசையைக் கணக்குப் போடும், நின்றுவிட்டால் கணக்குப் போட ஒன்றும் இல்லை. கேஷிங்கில் இடத்தை நெருங்க நெருங்க நாம் நிற்பதும் திரும்புவதும்தானே வேலை!

உதாரணத்துக்கு, கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் ஒரே உருவம், அதே 2.2 அங்குல வண்ணத்திரை, அதே 8 ஜி.பி. நினைவகம். திசைகாட்டியும் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் வசதியும் 32எக்ஸில் மட்டும்தான். வரைபடமே வேண்டாம் என்பவர்களுக்கு ஈட்ரெக்ஸ் எஸ்.இ. இருக்கிறது, கறுப்பு வெள்ளைத் திரைதான், ஆனால் திசைகாட்டி உண்டு, இரண்டு பேட்டரியில் 168 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கம்பெனி. கேஷ் விவரங்களைப் போன் வழியாக அதற்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதே கம்பெனியின் ஜி.பி.எஸ்.மேப் வரிசை நல்ல கருவிகள்தான், ஆனால் புதியவருக்கு அந்த விலை அநாவசியம்.

பேட்டரி விஷயத்தில் என் ஓட்டு ஏஏ அளவு பென்சில் பேட்டரிக்கு. பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ரீசார்ஜ் வகையைப் போட்டால் அமைப்புகளில் பேட்டரி வகையையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும். புது பேட்டரி போட்டதும் திசைகாட்டியை ஒருமுறை சரிசெய்துகொள்ளவும் வேண்டும். தண்ணீர் தாங்கும் தரத்துக்கு ஐ.பி.எக்ஸ்.7 போதும், அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன, ஜி.பி.எஸ்.மேப் 67i மாதிரி. இந்தியாவில் அதை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டவிரோதம், தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறேன் என்றால் மாடல் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

துல்லியத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய ஓரிரு நாளிலேயே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்துவைத்து இடத்தைச் சொன்னார், இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. இன்றைக்குத் திறந்தவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். ஒளித்தவரின் கருவியும் கொஞ்சம் பிசகியிருக்கும். அதனால் பத்து மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

கருவி வந்ததும் அதன் அமைப்புகளில் ஆயத்தொலைவு (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) வடிவத்தைப் பாகை, தசம நிமிடம் என்று வையுங்கள், டேட்டம், அதாவது அந்த எண்களுக்கு அடிப்படையான அளவுமுறை, டபிள்யூ.ஜி.எஸ். 84. கேஷ்கள் அந்த வடிவத்தில்தான் வரும். 13° 02.500' என்றால் இரண்டரை நிமிடம், அதை 2 நிமிடம் 50 விநாடி என்று நினைத்துப் போட்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். அப்புறம் உங்கள் வீட்டு வாசலை ஒரு புள்ளியாகப் பதிந்துவிட்டு, இரண்டு தெரு சுற்றி, அம்புக்குறியை மட்டும் பார்த்துத் திரும்பி வாருங்கள். பக்கத்து வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் கவலை வேண்டாம், அந்தப் பிசகு இருக்கத்தான் செய்யும்.