கரிசலில் காணாமல் போன மணிச்சத்து

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணும் வேறொரு தோட்டத்துச் செம்மண்ணும் ஒரே நாளில் சோதனைக்கு வந்தன. இரண்டிலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு என்று, அதை ஒரு கரைசலால் பிரித்தெடுத்து அளக்கும் ப்ரே முறையில் பார்த்தேன். செம்மண் நியாயமான அளவு காட்டியது. கரிசலில் மணிச்சத்து இல்லவே இல்லை என்பதுபோல வந்தது. வருஷா வருஷம் டிஏபி என்ற மணிச்சத்து உரம் போட்ட நிலம் அது! விவசாயி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். ப்ரே கரைசலில் அமிலம் உண்டு, அது அமில மண்ணுக்குத்தான் பொருந்தும். கரிசலில் இருக்கும் சுண்ணாம்பு அந்த அமிலத்தைத் தின்றுவிடும். பி.எச். பார்த்தேன், 8.3, அதாவது கார மண். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சரி, சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற ஆல்சன் முறைக்கு மாறினேன்: 2.5 கிராம் மண், பி.எச். 8.5க்குச் சரிசெய்த 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் 50 மில்லி, அரை மணி நேரக் குலுக்கல். (மண்ணைத் தராசில்தான் எடுத்தேன். கரண்டி அளவென்றால் களிக்கும் மணலுக்கும் எடை ஒத்துவராது.) இப்போது அளவு கூடியது, ஆனால் தடவைக்குத் தடவை தாறுமாறாக. சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிட்டதால் வடிநீர் கலங்கலாக இறங்கியிருந்தது. வடிநீரில் மாலிப்டேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் மணிச்சத்து நீல நிறம் காட்டும், அதைத்தான் கருவி அளக்கிறது. கலங்கலையும் அது நீல நிறம் என்றே கணக்கில் சேர்த்துவிடுகிறது.

நுண்துளைத் தாளில் மறுபடி வடிகட்டினேன். மாலிப்டேட் சேர்க்காத அதே வடிநீரின் அளவைக் கழித்தேன். அமிலம் விட்டதும் சோடா மாதிரி பொங்கும் குமிழ்கள் அடங்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் மூன்று தடவையும் ஹெக்டேருக்கு 17, 18 கிலோ என்றே வந்தது. நம் ஊர்க் கணக்கில் 11 முதல் 22 வரை நடுத்தரம். விவசாயியிடம் புது மண்வள அட்டை எழுதிக் கொடுத்தேன்.