ஒரு துண்டிலிருந்து ஷிண்டல் மாக்குடி

நம்மூர்க் கள்ளிமுளையானுக்குச் சொந்தக்காரச் செடி இது. மகாராஷ்டிரத்து சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி மலை) பாறை இடுக்குகளைத் தவிர வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. 1862 முதல் 1867 வரை பம்பாய் கவர்னராக இருந்த பார்ட்டில் ஃப்ரீர் பெயரில் 'ஃப்ரீரியா' என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், இப்போது பூசெரோசியாவில் சேர்த்துவிட்டார்கள். மலையில் போய்ப் பிடுங்காதீர்கள், அங்கே மிச்சமிருப்பதே கொஞ்சம். வளர்க்கிறவர்களிடம் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கேளுங்கள். எனக்கு மாட்டுங்காவில் ஒரு மாமி கொடுத்தார்.

பிளேடைத் தீயில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள். வெட்டுவாய் நிழலில் நான்கைந்து நாள் காயட்டும். மண்ணுக்கு ஆற்றுமணல், உடைத்த செங்கல், ஒரு பிடி மக்கிய உரம். தேங்காய் நார்த்தூள் வேண்டவே வேண்டாம், மும்பை மழையில் அது காயவே காயாது. சின்ன மண்தொட்டிதான் என் கட்சி. நட்டு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

நான் கோட்டைவிட்டது இதற்கு அப்புறம்தான். டிசம்பரில் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தாகம் போல என்று தினமும் ஒரு டம்ளர் ஊற்றினேன், பத்தே நாளில் அடித்தண்டு பழுப்பாகி, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. செடிக்குத் தாகமில்லை, தூக்கம்! மழை நின்றால் இலையைக் கொட்டிவிட்டு மொட்டைத் தண்டாகக் கிடந்து, அடுத்த மழைக்குத் துளிர்ப்பதுதான் அதன் வழக்கம். அதனால் இலை போனதும் தண்டை லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், மேலே சுருங்கியிருந்தாலும் சரி, மாதம் ஒருமுறை மண் நனைந்தால் போதும். கொழகொழவென்றிருந்தால் அழுகல், வெட்டுவாயில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத வரை மேல்நோக்கிச் சீவிக்கொண்டே போய், மிஞ்சியதைக் காயவைத்து மறுபடி நடுங்கள். எனக்கு மிஞ்சியது இரண்டு அங்குலம். அதுதான் இப்போது பால்கனி கிரில்லில் தொங்குகிறது.

மழைக்காலத்தில் பூக்கும். கருஞ்சிவப்பு நட்சத்திரம், மேலே மஞ்சள் தீற்றல், ஓரமெல்லாம் பூனைமயிர். மோந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், ஈயைக் கூப்பிடுகிற பூ.

பின்சேர்க்கை: 'ஆகஸ்ட்டிலேயே இலை கொட்டுகிறதே, இதுவும் தூக்கமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். மழைக்காலத்தில் அது தூங்காது. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள் என்றேன். பஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, பழைய டூத்பிரஷ்ஷில் வேப்பெண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, இரண்டு நாள் காயவைத்துப் புது மண்ணில் நடச் சொல்லியிருக்கிறேன். பழைய மண்ணைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.