சிபிஎல் வாங்கியாச்சு, இனி எந்த மணி நேரத்தைச் சேர்ப்பது?

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடிய பிள்ளைகளில் சிலர் இன்று சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கிக்கொண்டு ஓமலூரிலும் தாரமங்கலத்திலும் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இன்னும் எத்தனை மணி நேரம் பறந்து சேர்க்கணும்?"

1500 என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது அமெரிக்க வீடியோவில் பார்த்திருப்பார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். 2009-ல் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2013-ல் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்று அங்கே ஆக்கினார்கள். நம் நாட்டில் 1500 என்பது ஏடிபிஎல் என்ற, கேப்டன் ஆவதற்கு வேண்டிய உரிமத்துக்கான கணக்கு. துணை விமானியாகச் சேர 200 மணி நேர சிபிஎல், பல எஞ்சின் விமானத்தில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதி), அந்த நிறுவனம் ஓட்டும் விமான ரகத்துக்கென்று தனியாக வாங்கும் டைப் ரேட்டிங் என்றுதான் பெரும்பாலும் போகிறது. இது தெரியாமல் காட்டை அடமானம் வைத்து, செஸ்னா பயிற்சி விமானத்தில் இன்னொரு 100 மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நேரம் ஏற வேண்டும் என்றால் பயிற்றுநர் தகுதிக்கு முயற்சி செய்யுங்கள், சம்பளமும் வரும், பிஐசி (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்த) நேரமும் ஏறும்.

இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் 200 என்ற மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குள் 100 மணி நேரம் பிஐசி, அதில் 50 கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது), 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நீண்ட பயணம், 10 மணி நேரம் இன்ஸ்ட்ருமென்ட் (சிமுலேட்டரில் 5-க்கு மேல் கணக்கில் வராது), இரவில் 5 மணி நேரம் என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்தில் 15 மணி நேரம் பிஐசியாகப் பறந்திருக்கவும் வேண்டும். நான் மாட்டியது இதில்தான். என் பயிற்சிப் பள்ளியில் விமானம் பழுதாகி நின்றது, அப்புறம் மழை வந்தது, மாதங்கள் ஓடின. மொத்தம் சரியாக இருந்தும் அந்த 15 இல்லாமல் மறுபடியும் பணம் கட்டிப் பறந்தேன். அன்றிலிருந்து, மொத்தக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள், பறக்கப் பறக்கக் கட்டுங்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

அடுத்தது, மணி நேரத்துக்காக வானிலையோடு மல்லுக்கு நிற்பது. இதை ஏற்காட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அடிவாரத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கும், இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்கு வந்தால் முன்னால் போகும் பஸ் தெரியாது. சேலம் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கிழக்கே சேர்வராயன் மலை 5300 அடி வரை எழும்புகிறது, சின்ன விமானத்திலும் சில நிமிடத்தில் மலையை எட்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மலையை மூடும் மேகத்துக்குள் கண்ணால் பார்த்துப் பறக்கும் ஒருவன் நுழைந்தால், மேகத்துக்குப் பின்னால் மேகம்தான் இருக்கிறதா மலை இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. தாழப் பறக்கும்போது 5 கிலோமீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே, முடிச்சிடலாம்" என்று மனம் சொல்லும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில்) பறக்காத ஒரு நிமிடத்தைக்கூட எழுத வேண்டாம். பறக்காத நேரத்தைப் பறந்ததாகப் பதிந்தவர்கள் 2011-ல் நம் நாட்டில் பிடிபட்டார்கள். பொய்யே எழுதாவிட்டாலும் கூட்டல் பிழை ஒரு பக்கத்தில் விழுந்தால் கடைசிப் பக்கம் வரை ஓடும், அதனால் வாரம் ஒருமுறை பள்ளியின் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். டைப் ரேட்டிங்கின் சிமுலேட்டர் நேரத்தை மொத்தப் பறப்பு நேரத்தோடு சேர்க்கவும் கூடாது. வெளிநாட்டில் பறப்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் ஒருவர் வெளியே தெரியாதபடி முகத்திரை போட்டு ஓட்ட, இன்னொருவர் பாதுகாப்பு விமானியாக உட்கார்ந்து, இருவருமே பிஐசி என்று எழுத வழி இருக்கிறது. அதை டிஜிசிஏ (உரிமம் தரும் நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டைப் ரேட்டிங்கை அவசரப்பட்டு முடிப்பதும் இதே கதைதான். பல லட்சம் கொடுத்து ஏர்பஸ் முடித்தவன் வேலை வராமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தால், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் 12 மாதம் முடிந்துவிடும், சோதனையை மறுபடியும் எடுக்க வேண்டும். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வகுப்பு 1 மெடிக்கல் (விமானிக்கான உடல் தகுதிச் சான்று) முடியும் தேதியை இன்றே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், அழைப்பு வரும் வாரத்தில் அது காலாவதியாகிக் கிடந்தால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.