டியூப்ல சளி எடுக்கிறது: ஐசியூக்கு புதுசா வர்ற ஸ்டாஃபுக்கு

மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை சக்‌ஷன் போடணும்னுதான் எனக்கு முதல் டியூட்டில சொல்லிக் குடுத்தாங்க, உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. தயவுசெஞ்சு அத விட்டுடுங்க. நேரம் பார்த்து செய்ய வேண்டியது செக் பண்றது மட்டும்தான், சளி இருந்தா மட்டும் கதீட்டர் (சளிய உறிஞ்சுற மெல்லிசான குழாய்) உள்ள போகணும், ஏன்னா ஒவ்வொரு தடவை போகும்போதும் சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) இறங்கலாம், டிரெக்கியா (மூச்சுக்குழாய்) உள்பக்கம் உரசி ரத்தம் வரலாம், சிலருக்கு வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு ஹார்ட் ரேட்டே சடார்னு விழும்.

சளி இருக்குன்னு எப்படி தெரியும்? டியூப்லயே கண்ணுக்கு தெரியும், கழுத்துல ஸ்டெத் வச்சா கரகரன்னு கேக்கும், வென்டிலேட்டர் ஃப்ளோ கிராஃப் ரம்பப்பல் மாதிரி ஓடும். வென்டிலேட்டர் வால்யூம் மோடுல (குடுக்கற காத்தோட அளவ செட் பண்றது) இருந்தா பீக் பிரஷர் ஏறும், பிரஷர் மோடுல (பிரஷர செட் பண்றது) இருந்தா டைடல் வால்யூம் (ஒரு மூச்சுல போற காத்து) குறையும்.

கதீட்டர் சைஸ்ல நிறைய பேர் தப்பு பண்றாங்க. டியூப் உள்விட்டத்துல பாதிக்கு மேல கதீட்டர் அடைக்கக் கூடாது, இல்லன்னா சளியோட சேர்த்து நுரையீரல் காத்தையும் உறிஞ்சிடும். 8 நம்பர் டியூப்புக்கு (உள்விட்டம் 8 மிமீ) 12 பிரெஞ்ச் (கதீட்டர் தடிமனோட அளவு), 7-க்கு 10 பிரெஞ்ச், இது பெரியவங்களுக்கு. பிரஷர் செட் பண்ணும்போது சக்‌ஷன் டியூபிங்க மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு கேஜ் பாருங்க, அப்பதான் உண்மையான அளவு காட்டும், 150 mmHg-க்குள்ள வச்சுக்கிட்டா நல்லது, வரலன்னு ஃபுல்லா திருகாதீங்க.

பேஷண்ட் மயக்கத்துல இருந்தாலும் சொல்லிட்டு செய்யுங்க, ஐயா சளி எடுக்கப் போறேன், இருமல் வரும், பத்து செகண்ட்ல முடிஞ்சிடும்னு. இத நான் எந்த பெட்லயும் விடறதில்ல, அசைய முடியாதவங்களுக்கும் காது கேக்கலாம்.

தொடங்குறதுக்கு முன்னாடி 100 சதவீதம் ஆக்சிஜன் அரை நிமிஷத்துலருந்து ஒரு நிமிஷம் குடுங்க. ஸ்டெரைல் கிளவுஸ் போட்டு, சக்‌ஷன் இல்லாம உள்ள விடுங்க, டியூப் நீளம் எவ்வளவோ அவ்வளவு போனா போதும், தட்டுற வரைக்கும் இடிக்க வேண்டாம். வெளிய இழுக்கும்போது மட்டும் கதீட்டர் பிடியில இருக்கிற ஓட்டைய விரலால மூடி லேசா சுத்திக்கிட்டே எடுங்க. உள்ள போய் வெளிய வர்றது மொத்தம் 15 செகண்ட தாண்டக் கூடாது. இன்னொரு தடவை வேணும்னா திரும்ப ஆக்சிஜன் குடுத்து, சாச்சுரேஷன் ஏறின பிறகுதான். ஹார்ட் ரேட் விழுந்தா அந்த நிமிஷமே நிறுத்தி 100 சதவீதம் போட்டு டாக்டர கூப்பிடுங்க. பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரல்ல நிக்கிற பிரஷர்) அதிகமா இருக்கிறவங்களுக்கு சர்க்யூட்ட கழட்டாதீங்க, கழட்டாமலே எடுக்கிற குளோஸ்டு சக்‌ஷன்தான் சரி.

அப்புறம் இந்த சலைன் (உப்புத்தண்ணி). சளி கெட்டியா இருக்குன்னு டியூப்ல 5 எம்எல் ஊத்தறது இன்னும் நிறைய இடத்துல பழக்கமா நடக்குது, நானும் ஊத்தியிருக்கேன், ஊத்தின கொஞ்ச நேரத்துல சாச்சுரேஷன் விழுந்து அந்த பேஷண்ட் தவிச்சது இன்னும் மனசுல இருக்கு. ஊத்தினது முழுசா திரும்ப வர்றதும் இல்ல, சளியோட சரியா கலக்கறதும் இல்ல. கெட்டியா இருந்தா ஹியூமிடிஃபையர்ல (காத்த ஈரமாக்கற மெஷின்) தண்ணி இருக்கா, சூடு வருதா பாருங்க, எச்எம்இ ஃபில்டர்ல (மூச்சுக்காத்தோட ஈரத்த பிடிச்சு வைக்கிறது) சளி ஒட்டியிருந்தா உடனே மாத்துங்க, உடம்புல நீர் குறைவா இருக்கான்னு டாக்டர்ட்ட கேளுங்க.

கதீட்டர் உள்ளயே போகலன்னா? டியூப்ப கடிக்கிறாங்களா, மடிஞ்சிருக்கா பாருங்க, ரெண்டும் இல்லன்னா டியூப் அடைச்சிருக்கலாம், ஒரு செகண்ட் கூட காத்திருக்காம டாக்டர கூப்பிடுங்க, ஆம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்கற பை) கையில இருக்கட்டும்.

வாய்ல விட்ட கதீட்டர திரும்ப டியூப்ல விடவே கூடாது. தலைமாட்ட 30 டிகிரிக்கு மேல தூக்கி வச்சு, கஃப் (டியூப் நுனிக்கிட்ட இருக்கிற பலூன்) பிரஷர் 20-லருந்து 30 செமீ தண்ணி அளவுல இருக்கான்னு பார்த்துட்டு, வந்த சளியோட நிறம், அளவு, கெட்டியா தண்ணியான்னு சார்ட்ல எழுதுங்க, நேத்து வெள்ளையா இருந்தது இன்னைக்கு பச்சையா வந்தா ரவுண்ட்ஸ்ல மறக்காம சொல்லுங்க.